ஒரே கல்லில் 85,000 ரூபாய் மாங்காய்

வீட்டில் இருக்கிற கேமிங் சிஸ்டத்தை மானிட்டரோடு 15,000 ரூபாய்க்குத் தள்ளிவிடுங்கள்; அதை அப்கிரேடு செய்ய எடுத்து வைத்த பணத்தையும் காலேஜ் லேப்டாப்புக்கு ஒதுக்கிய பணத்தையும் ஒன்றாகப் போடுங்கள்; 85,000 ரூபாயில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்குங்கள்; படிப்புக்கும் ஆயிற்று, விளையாட்டுக்கும் ஆயிற்று. என்ஜினியரிங் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கட்டுரையாளர் சென்ற இதழில் வழங்கியிருக்கும் அருள்வாக்கு இது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தலைப்பிலேயே போட்டுவிட்டார். கல்லை வீசியவர், மாங்காய் விழுந்ததா என்று அண்ணாந்து பார்க்கத்தான் மறந்துவிட்டார்.

கவுன்சிலிங் முடிந்து, கல்லூரிக்கும் பணம் கட்டி, ஹாஸ்டலுக்கும் முன்பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு 85,000 ரூபாய் என்பது எப்பேர்ப்பட்ட தொகை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் இவ்வளவு லேசாக எழுதியிருக்கிறார். எத்தனை கிலோ, எத்தனை வாட், பேட்டரி எத்தனை மணி நேரம், வாரண்டி முடிந்தபின் கெட்டால் என்ன செலவு, ஒன்றையும் காணோம். ‘சக்திவாய்ந்த’ என்ற சொல் மட்டும் பத்திக்குப் பத்தி வருகிறது. அவர் போடாமல் விட்ட கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

வகுப்புக்குத் தூக்கிப்போகிற கணினி லேசாக இருக்க வேண்டும், சூடாகக் கூடாது, சத்தம் போடக் கூடாது, காலையில் சார்ஜ் ஏற்றினால் சாயங்காலம் வரை தாங்க வேண்டும். விளையாடுகிற கணினியோ கரண்டை அள்ளிக் குடிக்கும். குடித்ததையெல்லாம் சூடாகக் கக்கும். அந்தச் சூட்டை வெளியே தள்ளப் பெரிய ஃபேனும் தடித்த செம்புக் குழாயும் வேண்டும். ஒன்றுக்குத் தேவையானதெல்லாம் மற்றதற்குப் பகை. இரண்டையும் ஒரே உடம்பில் அடைப்பது, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் மணல் அடிக்கவும் சேர்த்து ஒரே வண்டி வாங்குவதுதான். மணலும் பாதிதான் ஏறும், மாப்பிள்ளை வேட்டியும் பாழ்.

அவர் சிபாரிசு செய்யும் வகை லேப்டாப்புகள் பெரும்பாலும் இரண்டேகால் கிலோவுக்குக் குறையாது. கூடவே வரும் அடாப்டர் தனியாக அரை கிலோவுக்கு மேல். இதோடு ரெக்கார்டு நோட்டு, மினி டிராஃப்டர், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். காலேஜ் பஸ்ஸிலோ டவுன் பஸ்ஸிலோ நின்றுகொண்டு போகிற பையன் இந்தப் பையை ஒரு மாதம் சுமப்பான். அப்புறம் லேப்டாப்பை ஹாஸ்டலிலோ வீட்டிலோ வைத்துவிட்டு, நோட்டு மட்டும் எடுத்துப் போவான். அப்போது அது மேசையை விட்டு நகராத கணினி ஆகிவிடும். அந்த வேலையைப் பார்க்கத்தான் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதைத்தான் 15,000-க்கு விற்கச் சொன்னார்.

பேட்டரிக்கு வருவோம். 60 வாட்-மணி பேட்டரி, கேம் ஓடும்போது பிராசசரும் கிராபிக்ஸும் சேர்ந்து 120 வாட் கேட்கின்றன என்று வைத்துக்கொண்டால் கணக்கு எட்டாம் வகுப்புப் பையனுக்கே தெரியும், அரை மணி நேரம். அவ்வளவு வேகமாகப் பேட்டரியை உறிஞ்ச விடக் கூடாது என்று கம்பெனிக்காரனே வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறான். ஆக, பிளக்கில் இருந்தால்தான் அது கேமிங் லேப்டாப். பிடுங்கினால் வெறும் கனமான லேப்டாப். வகுப்பறை பெஞ்சில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது? இருக்கிற ஒன்றிரண்டும் சுவரோரம். பிராஜெக்ட் வேலை நடக்கிற நாளில் பாருங்கள், நல்ல மார்க் வாங்குகிறவன் முன்பெஞ்சுக்குப் போகிறானோ இல்லையோ, கேமிங் லேப்டாப்காரன் கடைசி வரிசைச் சுவரோரத்துக்கு ஓடுவான். அடாப்டர் வயர் நடைபாதையில் குறுக்கே கிடக்கும். ஃபேன் உறுமுகிற சத்தத்தில் பாடம் எடுக்கிறவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். எக்ஸெல் திறந்ததற்கே இந்த அமர்க்களம்.

சரி, படிப்பு மாங்காய் விழவில்லை. விளையாட்டு மாங்காயாவது விழுந்ததா? ‘டெஸ்க்டாப்பில் என்ன 4060-ஓ அதே 4060 லேப்டாப்பிலும் கிடைக்கிறது’ என்கிறார் கட்டுரையாளர். கார்டைப் பற்றிக் கட்டுரை முழுக்க அவர் சொன்ன ஒரே தொழில்நுட்பத் தகவல் இது. பாதிதான் உண்மை. ஆர்டிஎக்ஸ் 4060-ல் டெஸ்க்டாப்புக்கும் லேப்டாப்புக்கும் ஒரே சிப்தான், 3,072 கோர்கள்தான். ஆனால் லேப்டாப்பில் அதே 4060-ஐ 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம் என்று என்விடியாவே இடம் விட்டிருக்கிறது. மெலிந்த உடம்புக்குள் 60, 70 வாட்டில் மூச்சு முட்டுகிற 4060-க்கும், நன்றாகக் காற்றோட்டம் உள்ள 115 வாட் 4060-க்கும் வெளியே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் ஒன்றுதான். முன்பெல்லாம் மெலிந்த வகைக்கு ‘மேக்ஸ்-கியூ’ என்று பெயரிலாவது ஒரு வால் இருக்கும். 30 வரிசையில் அந்த வாலையும் வெட்டிவிட்டார்கள். ஷோரூமில் நிற்கிற பையனிடம் ‘இதில் கார்டு எத்தனை வாட்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘நல்லா ஓடும் சார்’ என்பார்.

மேல்மட்டத்துக்குப் போனால் இன்னும் வேடிக்கை. டெஸ்க்டாப் 4090-ல் 16,384 கோர்கள், 24 ஜிபி. லேப்டாப் 4090-ல் 9,728 கோர்கள், 16 ஜிபி. அதற்குள் இருக்கிற சிப் டெஸ்க்டாப் 4080-ஐச் சேர்ந்த குடும்பம். அதற்கும் 4090 என்றே பெயர். ‘அதே கார்டு’ என்று ஒருவர் அச்சில் எழுதுவதற்கு முன் இதையெல்லாம் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டாமா?

அதைவிடப் பெரிய விஷயம், லேப்டாப்பில் அந்தச் சிப் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது. இன்றைக்கு 6 ஜிபி என்றால் கடைசி வரை 6 ஜிபி. மூன்றாம் வருஷம் புதிதாக வரும் கேம் 8 ஜிபி கேட்டால் பார்த்துப் பெருமூச்சு விடலாம். வாரண்டி பெரும்பாலும் ஒரு வருஷம். அதற்குப் பின் கிராபிக்ஸ் சிப் போனால் போர்டையே மாற்றச் சொல்வார்கள். அந்த விலையைக் கேட்டபின் பலர் லேப்டாப்பை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். சிஸ்டத்தில் அப்படி இல்லை. பிராசசருக்குத் தனியாக மூன்று வருஷம், கார்டுக்குத் தனியாக மூன்று வருஷம், ராமுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அதைவிடக் கூட. எது போனதோ அதை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனால் போதும்.

‘என்ஜினியரிங் படிப்புக்கு கிராபிக்ஸ் கார்டு அவசியம்’ என்பது அவருடைய அடுத்த வாதம். பெற்றோரைக் கவிழ்க்கிற வாதமும் இதுதான். ஆட்டோகேட், மாட்லேப், ஏஐ என்று மூன்று பெயர்களை வரிசையாகச் சொன்னால் எந்த அப்பாவும் பர்ஸை எடுத்துவிடுவார்.

முதல் வருஷத்தில் பையன் என்ன செய்வான்? பைதான் எழுதுவான், சி எழுதுவான். இரண்டும் பத்து வருஷத்துக்கு முந்தைய கணினியிலும் ஓடும். என்ஜினியரிங் கிராபிக்ஸ் என்ற பாடத்தின் பெயரைப் பார்த்துக் கார்டு வாங்கக் கிளம்பியவர்களும் உண்டு. அதற்கு வேண்டியது டிராயிங் போர்டு, சார்ட் பேப்பர், கூர் சீவிய பென்சில். ஆட்டோகேடில் கல்லூரி அளவுக்கு 2டி வரைய, பிராசசருக்குள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் தாராளம். சாலிட்வொர்க்ஸ் தன் சான்றிதழ் பட்டியலில் வைத்திருப்பது தொழில்முறைக் கார்டுகளை. கேமிங் கார்டு அதில் வராது. மாட்லேப் பெரும்பாலும் பிராசசரையும் ராமையும்தான் நம்பி ஓடுகிறது. இசிஇ பிள்ளைகள் விஎல்எஸ்ஐ லேபில் பயன்படுத்தும் விவாடோவுக்கு கேமிங் கார்டால் நயா பைசா பிரயோஜனம் இல்லை. அது கேட்பது ராம். ராம் போதாமல் திணறுகிற பையனுக்குக் கார்டு வாங்கிக் கொடுப்பது, கட்டுரையாளர் பாணி உதவி.

ஏஐ-க்கு வருவோம், அதுதானே இப்போது மந்திரச் சொல். ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் கூகுள் கோலாப்பில் டி4 கார்டு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 16 ஜிபி நினைவகம். 4050 போட்ட லேப்டாப்பில் 6 ஜிபி. கோலாப்பில் நேர வரம்பு உண்டு, சில நேரம் கார்டு கிடைக்காமலும் போகும், அதெல்லாம் சரி. ஆனால் இளநிலைப் பட்டப் படிப்பில் கொடுக்கும் அசைன்மென்டுக்கு அது போதும். மூன்றாம் வருஷம், நான்காம் வருஷம் உண்மையிலேயே பெரிய மாடலில் கை வைக்கிற மாணவனுக்கு அந்த 6 ஜிபியும் போதாது, 8 ஜிபியும் போதாது.

எடுத்துப்போகும் கணினியில் கார்டு கட்டாயம் வேண்டியவர்கள் இல்லாமல் இல்லை. ஆர்க்கிடெக்சர் படிக்கிறவர்கள் ரெவிட், லூமியான் என்று ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து ரெண்டர் போட வேண்டும். விஸ்காம், அனிமேஷன் பிள்ளைகளுக்கு பிளெண்டரும் வீடியோ எடிட்டிங்கும் சோறு. அவர்களுக்குக் கனமான லேப்டாப்பின் எடையில் நியாயம் இருக்கிறது. கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தேவை இருக்கிறவனை விட்டுவிட்டுத் தேவை இல்லாதவனிடம் விற்பதற்கு ஒரு திறமை வேண்டும்தான்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் கிடைத்த லேப்டாப்பை வைத்துக்கொண்டு டிப்ளமோவும் பொறியியலும் முடித்து வேலைக்குப் போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். அரசுக் கல்லூரியில் சேர்கிற பிள்ளை, தன் முறை எப்போது என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கடைக்குப் போகலாம் அல்லவா? அதைச் சொல்லக்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இடம் முழுவதையும் ‘சக்திவாய்ந்த’ எடுத்துக்கொண்டது.

பழைய சிஸ்டத்தைக் கழித்துக்கட்ட அவர் கொண்டுவந்த சாட்சிகள் இரண்டு. முதலாவது, விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, பழைய சிஸ்டம் விண்டோஸ் 11-ஐ ஏற்காது, ஆகவே குப்பை. தேதி சரி. மற்றது அரைகுறை. எத்தனை பழையது என்று கேட்க வேண்டும். இன்டெலில் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்கும்.

என் அக்கா மகன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் இசிஇ சேர்ந்தான். காலேஜ் பஸ்ஸில் போய்வருகிற பையன். வீட்டில் 2020 ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்புக்கென்று அசெம்பிள் செய்த சிஸ்டம் இருந்தது. ரைசன் 5 2600, பி450 போர்டு, ஒற்றை 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650. மைக்ரோசாஃப்டின் பரிசோதனையை ஓட்டியதும் ‘மாமா, டிபிஎம் இல்லைன்னு சிவப்பா காட்டுது’ என்று போன். அத்தான் அதற்குள் விற்க ஆள் பார்த்துவிட்டார். விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு அம்சம்தான் டிபிஎம், அது இல்லாமல் இல்லை. அந்தக் காலத்து போர்டுகள் பலவற்றில் பயாஸில் அது அணைந்த நிலையில் வரும். டெலீட் கீயைத் தட்டி உள்ளே போய், எஃப்டிபிஎம் என்று இருப்பதை ஆன் செய்து சேமித்தான். அடுத்த முறை பச்சை. செலவு பூஜ்யம். வாலரண்ட் விளையாடவும் விண்டோஸ் 11-ல் இதே டிபிஎம்தான் கேட்கும் என்பதால் பையனுக்கு இரட்டைச் சந்தோஷம்.

அதன்பின் அந்தச் சிஸ்டத்துக்குச் செய்ததைச் சொல்கிறேன். 2017-ல் முதல் ரைசன் வந்தபோது எந்த சாக்கெட்டோ அதே ஏஎம்4-ல்தான் 5000 வரிசையும் உட்காருகிறது. 2020-ல் ஏஎம்டி, 400 வரிசை போர்டுகளுக்கு 5000 வரிசை கிடையாது என்று முதலில் கைவிரித்தது. பயனாளர்கள் போட்ட சத்தத்தில் அதே மாதத்தில் மனம் மாறியது. அந்தச் சத்தத்தின் பலனை இன்றைக்கு வரை திருநெல்வேலிப் பையன் அனுபவிக்கிறான். பென் டிரைவில் புதிய பயாஸ் ஏற்றிக்கொண்டு, யுபிஎஸ் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு (எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பயாஸ் பாதியில் நின்றால் போர்டு காலி) அப்டேட் முடித்தோம். 2600-ஐக் கழற்றி 5600-ஐ வைத்தோம். ஒற்றை ராமுக்குப் பக்கத்தில் இன்னொரு 8 ஜிபி. ஒன்று இரண்டானால் கொள்ளளவு மட்டும் கூடுவதில்லை, இரண்டு வழியாகத் தகவல் போவதால் வேகமும் கூடும். 1650-க்குப் பதில் ஆர்எக்ஸ் 6600. அதற்கு 132 வாட்தான் வேண்டும் என்பதால் ஏற்கெனவே இருந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்கவில்லை. மூன்றும் சேர்ந்து 35,000-க்குள். கழற்றிய கார்டும் பிராசசரும் விற்றதில் கொஞ்சம் திரும்பி வந்தது. கேபினெட்டும் போர்டும் எஸ்எஸ்டியும் மானிட்டரும் கீபோர்டும் பழையபடியே இருக்கின்றன.

காலேஜுக்கு? கம்பெனிகள் மூன்று வருஷ லீஸ் முடிந்து கழிக்கும் லேப்டாப்புகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வருகின்றன. திங்க்பேட், லேட்டிட்யூட் வகை, ஒன்றரை கிலோ சுமார், பத்தாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி, 24,000 ரூபாய். வாங்குமுன் பையன் கடையிலேயே கமாண்ட் விண்டோவில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தான், கொள்ளளவு பாதிக்கு வந்திருந்ததை ஒதுக்கினான். பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா, பழைய கம்பெனியின் பூட்டு ஏதும் மிச்சம் இருக்கிறதா, கீல் ஆடுகிறதா என்று பார்த்து அடுத்ததை எடுத்தான். பழையது வேண்டாம் என்கிறவர்கள் 40,000 அளவில் புதிதாகவே வாங்கலாம். ராம் போர்டோடு ஒட்டியதா, பின்னால் கூட்ட முடியுமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தான் ஒதுக்கி வைத்திருந்தது 70,000. அதற்குள் இரண்டு வேலைக்கு இரண்டு கணினி முடிந்துவிட்டது.

இரண்டாவது சாட்சி, ராம் விலை. ‘ராம் விலை ஏறிக் கிடக்கிற காலத்தில் அப்கிரேடு முட்டாள்தனம்’ என்கிறார். 2025 கடைசியில் விலை ஏறியது உண்மைதான். ஏஐ தரவு மையங்கள் நினைவகத்தை வாரிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் பிராண்டில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஆனால் லேப்டாப்புக்குள் இருப்பது மட்டும் வேறென்ன? அதே ராம்தான், அதே விலைதான், பெட்டிக்குள் மறைத்துக் கேட்கிறார்கள். ராம் விலை ஏறிய நேரத்தில், ராம் வைத்திருக்கிற ஆளைப் பார்த்து அதை மொத்தச் சிஸ்டத்தோடு அடிமாட்டு விலைக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, மறுநாள் கடைக்குப் போய்ப் புது விலையில் வாங்கச் சொல்கிறவரை என்னவென்று சொல்வது? பழைய டிடிஆர்4 போர்டில் இருக்கிற ராமை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவதுதான் இன்றைக்கு மலிவான வழி.

கட்டுரையில் பதில் சொல்லத் தகுந்த வாதம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ‘பையன் ஹாஸ்டலில் இருப்பான், சிஸ்டம் நாலு வருஷம் வீட்டில் தூங்கும்’ என்பது. நியாயமான கேள்வி. ஹாஸ்டல் பையன் என்றால் அப்கிரேடே இப்போது வேண்டாம் என்பேன். சாதாரண லேப்டாப்பை வாங்கிக்கொண்டு மிச்சப் பணத்தை பேங்க்கில் போடலாம். சிஸ்டம் கெட்டுப்போகிற பண்டம் இல்லை. லீவுக்கு வரும்போது இருக்கிற கார்டிலேயே விளையாடட்டும். தங்கையோ தம்பியோ அதில் படிக்கட்டும். மூன்றாம் வருஷம் தேவை வந்தால் அப்போதைய கார்டை அப்போது வாங்கிப் போடலாம். சிஸ்டத்தில் செலவைத் தள்ளிப்போட முடியும், பிரித்துச் செய்ய முடியும். லேப்டாப்பில் முதல் நாளே முழுப் பணமும் போய்விடும். ஹாஸ்டல் வாதம் அப்கிரேடைத்தான் தள்ளிவைக்கச் சொல்கிறது. அதிலிருந்து 85,000-க்கு எப்படித் தாவினார் என்பது அவருக்கே வெளிச்சம்.

பணம் இல்லையென்றால் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ இருக்கிறதே என்கிறார் போகிற போக்கில். பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. தள்ளுபடியாகக் கிடைத்திருக்க வேண்டியதை வட்டிக் கணக்கில் கழித்துக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக விழும், பிராசசிங் கட்டணமும் சேரும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஜிடிஏ 6 வரப்போகிறது, தயாராக இருக்க வேண்டாமா என்றும் ஒரு வரி. ராக்ஸ்டார் அந்த விளையாட்டை அறிவித்தது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பெட்டிகளுக்கும். அறிவிக்கும்போது பிசி என்ற பேச்சே இல்லை. வராத விருந்தாளிக்கு இலை போடச் சொல்கிறார்.

இவ்வளவு ஓட்டைகள் உள்ள யோசனை ஏன் இத்தனை வீடுகளில் எடுபடுகிறது? பையனுக்கு வேண்டியது விளையாட்டு. அதை அப்பாவிடம் நேராகக் கேட்க முடியாது. அப்பாவுக்கும் அது தெரியும். ஆனால் ‘விளையாட 35,000 கொடுத்தேன்’ என்று அவரால் தன் அண்ணனிடமோ ஆபீசிலோ சொல்ல முடியாது. கேமிங் லேப்டாப் என்றால் இருவருக்கும் முகம் காப்பாற்றப்படுகிறது. படிப்புக்கு என்று கேட்கலாம், படிப்புக்கு என்று வாங்கிக் கொடுக்கலாம். இந்த நாடகத்துக்குத்தான் குடும்பம் கூடுதல் பணம் கட்டுகிறது. அவர் கட்டுரையில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். தொழில்நுட்பத் தவறுகளை மன்னிக்கலாம். ‘சிஸ்டம் அப்கிரேடு வெறும் விளையாட்டுச் செலவு, பொறுப்புள்ள பெற்றோர் செய்யமாட்டார்கள்’ என்று ஒரு பத்தியில் நெற்றி சுருக்கிவிட்டு, அடுத்த பத்தியில் அதைவிடப் பெரிய விளையாட்டுச் செலவுக்குப் ‘படிப்பு’ என்று முத்திரை குத்திக் கொடுக்கிறாரே, அதை மன்னிக்க முடியவில்லை. பதினெட்டு வயசுப் பையன் சாயங்காலம் இரண்டு மணி நேரம் விளையாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு என்று மேசைமேல் வைத்துப் பேசுகிற வீட்டில் பையனும் கணக்கு கற்றுக்கொள்வான். என் அத்தான் அப்படித்தான் பேசினார். ‘கார்டுக்கு நான் தாரேன், அடுத்த செமஸ்டர்ல அரியர் வந்தா அதே கார்டைக் கழட்டி வித்துருவேன்’ என்றார். லேப்டாப்பில் அந்த மிரட்டலுக்குக்கூட வழியில்லை.

கடைசியாக, கட்டுரையின் முடிவில் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கிறார்கள், ‘கூடவே வாங்க வேண்டியவை’ என்று. லேப்டாப் சூடாகும், ஆகவே ஒரு கூலிங் பேட். அதன் கீபோர்டு சூட்டில் விரல் வைக்க முடியாது, ஆகவே தனியாக ஒரு கீபோர்டு. டச்பேடில் விளையாட முடியாது, ஆகவே ஒரு மவுஸ். 15 அங்குலத்தில் கண் வலிக்கும், ஆகவே 24 அங்குலத்தில் ஒரு மானிட்டர். முதல் பத்தியில் 15,000-க்கு விற்கச் சொன்ன சாமான்கள் முக்கால்வாசியைக் கடைசிப் பத்தியில் புது விலைக்குத் திரும்ப வாங்கச் சொல்கிறார். கேபினெட் ஒன்றுதான் பாக்கி. பக்க அளவு போதவில்லை போலிருக்கிறது.